பந்தலடியில் செம்பு ராணி

மன்னார்குடி
ஜூன் 23

பேரன்புக்கும் பெருந்தொலைவுக்கும் உரிய தஹ்மீனா லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் ஒரே தம்பி சுஹைப் எழுதுவது. நான் நலம். வாப்பா நலத்துக்கும் ஒருபடி மேலே. உம்மாவின் வலது முட்டி மட்டும் வீட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட மறுக்கிறது. ஜெர்மனிக் குளிர் உன்னை விட்டதா, இல்லை இன்னும் இரண்டு போர்வைதானா?

போன் இருக்கும்போது தபால் எதற்கு என்று கேட்பாய். போன் இல்லை. பள்ளிக்கூடம் திறந்த வாரமே, போன வருஷம் கனமழைக்குக் கலெக்டர் விட்ட லீவு அறிவிப்பில் தேதியை மட்டும் மாற்றி வகுப்புக் குழுவில் போட்டேன். மண்டையைப் பிளக்கிற வெயிலில் ‘கனமழை காரணமாக’ பாதிப் பள்ளிக்கூடம் வரவில்லை. ஹெட்மாஸ்டர் செல்லதுரை சார் வாப்பாவைக் கூப்பிட்டுவிட்டார். இப்போது என் போன் நம் பிளாஸ்டிக் கடை டிராயரில், பிளஸ் டூ பரீட்சை முடியும்வரை ரிமாண்டில் இருக்கிறது. வாப்பா போனில் வீடியோ கால் பேசலாம்தான். ஆனால் வாப்பா தோளோடு தோள் உட்கார்ந்திருக்கும்போது உண்மை எதையும் பேச முடிவதில்லை. ஆகவே தபால்.

இப்போது குற்றப்பத்திரிகை. போன மாதம் உன் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்ததல்லவா? பந்தலடிக் கடைத்தெருவில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் ஜாஹித்திடம் சொன்னேன். உன்னைக் கடுப்பேற்ற ஒரு சின்ன ஃப்ளெக்ஸ் அடித்து, படம் பிடித்து, உனக்கு மட்டும் அனுப்புவது என்பதுதான் திட்டம். வாசகம் என்னுடையது:

“உலகிலேயே முதன்முறையாக, வேலை செய்துகொண்டிருக்கும் செம்பின் ரகசியத்தைக் கையும் களவுமாகப் பிடித்த செம்பு ராணி, மன்னையின் மாமணி டாக்டர் தஹ்மீனா யூசுப் வாழ்க. இவண்: வினையூக்கி நண்பர்கள் குழு.”

குழுவில் இருப்பது நான் ஒருவன்தான். வினையை ஊக்குவிப்பவன் என்ற முறையில். நீ இன்னும் டாக்டர் ஆகவில்லை என்று தெரியும், ஆனால் ஃப்ளெக்ஸில் ஆகாதவர் எவரும் இல்லை. படம், முக்காட்டுக்கு மேல் லேப் கண்ணாடி போட்டுக்கொண்டு கொட்டாவி விடுகிறாயே, அது. பின்னால் ஒரு புலி. “புலி எதுக்குடா?” என்றேன். “புலி இல்லாம நான் இதுவரைக்கும் அடிச்சதே இல்ல” என்றான்.

அந்த மடையன் பஸ் ஸ்டாண்டு அளவுக்கு அடித்துப் பந்தலடியிலேயே கட்டிவிட்டான். ஜும்மா முடிந்து வந்த வாப்பா பார்த்துவிட்டார்கள். நான் ஓடத் தயாராக நின்றேன். வாப்பா மேலிருந்து கீழே படித்தார்கள். டீக்கடை பெஞ்சை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தார்கள்.

“யாருடா அடிச்சது?”

“நான்தான் வாப்பா.”

“பேரு பிழையில்லாமப் போட்டிருக்கே.”

அவ்வளவுதான். மறுநாளே அதிராம்பட்டினத்திலிருந்து மீரா சாகிப் மாமாவை வரவழைத்து அதன் எதிரே நிறுத்தினார்கள். பொட்டப்புள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பக் கூடாது என்று கல்யாண வீடுகளில் எல்லாம் சொல்லித் திரிந்த அதே மாமாவைத்தான். மாமா புலியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்னித்துவிடு. கொட்டாவிக்கு மட்டும்.

உன் முட்டாள்தனமான, மன்னிக்கத் தகுந்த,
சுஹைப்

*

ஜெர்மனி
ஜூலை 14

அன்புத் தம்பி சுஹைப்,

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் நலம், போர்வை ஒன்றுதான். உம்மாவை மாடிப்படி ஏறவிடாதே, துணி உலர்த்துவது இனி உன் வேலை.

ஃப்ளெக்ஸை வாப்பா வீடியோ காலில் காட்டினார்கள். உன்னைக் கொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் வாப்பா முகத்தைப் பார்த்தபின் எதுவும் சொல்ல முடியவில்லை. நானும் சிரித்து வைத்தேன். ‘உலகிலேயே முதன்முறையாக’ என்பதை மட்டும் அழித்துவிடு. அது உண்மையில்லை, மற்றவர்களும் செய்கிறார்கள்.

நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமலே ராணியாக்கிவிட்டாய், ஆகவே சொல்கிறேன். புகையில் வீணாகப் போகும் கார்பன் டை ஆக்சைடோடு ஹைட்ரஜனைச் சேர்த்து மெத்தனால் என்ற எரிபொருளாக்க ஒரு வினையூக்கி வேண்டும். எங்களுடையது செம்புத் தூள். சமையலுக்கு முன்னும் பின்னும் மட்டும் அடுப்படியை எட்டிப் பார்த்தால் பிரியாணி எப்படி ஆனது என்று தெரியாதல்லவா? அதுபோல, செம்பைச் சூட்டிலும் அழுத்தத்திலும் வேலை செய்யவிட்டு, அந்த நேரத்திலேயே எக்ஸ்-கதிரைச் செலுத்திப் பார்த்தோம். வேலையின் நடுவே, ஆக்சிஜனோடு சேர்ந்திருந்த செம்பு அதை உதறிவிட்டு முழு உலோகமாக மாறியது. அந்த உலோகச் செம்புதான் வேலைக்காரன் என்று கட்டுரையில் எழுதினோம்.

செப்டம்பரில் அடுத்த கட்டம். எக்ஸ்-கதிர் செம்பின் நிலையைச் சொல்லும். அகச்சிவப்பு ஒளி செம்பின் மேல் எந்த மூலக்கூறு உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லும். வெளியே வரும் வாயுவை அளக்கும் கருவி என்ன விளைகிறது என்று சொல்லும். மூன்றும் ஒரே செம்புத் தூளில், ஒரே நேரத்தில். இதற்கு ஆப்பரேண்டோ என்று பெயர். எக்ஸ்-கதிர் நிலையத்தில் எங்களுக்கு ஒதுக்கியிருக்கும் நேரம் ஒரு வாரத்துக்கும் குறைவு, ஆனால் இதற்காகத்தான் இரண்டு வருஷமாக உழைக்கிறேன்.

வேதியியலை ஒழுங்காகப் படி.

உன் மேல் இன்னும் கோபமாக இருக்கும்,
லாத்தா

*

மன்னார்குடி
ஆகஸ்ட் 4

செம்பு ராணிக்கு, ஸலாம்.

இங்கே உம்மா, முட்டி, இருவரும் நலம். மாடியில் உன் தம்பி துணி உலர்த்துவதைப் பக்கத்து வீட்டு அம்சம் அக்கா தெருவுக்கே சொல்லிவிட்டார்கள். மேட்டூர் தண்ணீர் வாய்க்காலில் பாதிதான் ஓடுகிறது, எல்லோரும் வானத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். நீ எப்படி இருக்கிறாய், மூன்று வேளையும் சாப்பிடுகிறாயா?

ஆப்பரேண்டோ என்ற பெயர் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆப்பு ஒண்ணோ, ஆப்பு ரெண்டோ.

ஆடிக் காற்றில் ஃப்ளெக்ஸ் ஒரு மூலை கிழிந்து புலிக்குக் காது போய்விட்டது. வாப்பாவே ஏணி வைத்து ஏறிக் கட்டினார்கள். ‘முதன்முறையாக’ என்பதை அழிக்கப் போனேன். “அது இருக்கட்டும், அதுதான் மீரா சாகிபுக்குக் குத்துது” என்றார்கள். அம்சம் அக்கா உம்மாவிடம், செம்பில் தண்ணீர் வைத்துக் குடித்தால் சர்க்கரை குறையுமா என்று தஹ்மீனாவிடம் கேட்டுச் சொல்லும்படி கேட்டார்கள். “அவ பாக்குறது வேற செம்பும்மா” என்று உம்மா பெரிய விஞ்ஞானி மாதிரி பதில் சொன்னார்கள்.

இன்னொரு செய்தி. செல்லதுரை சார் ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு, பிப்ரவரி ஆண்டு விழாவில் பழைய மாணவி என்று உன்னைப் பெரிய திரையில் பேசவைக்கப் போகிறாராம். வாப்பா உன் சார்பில் சம்மதம் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். போன வாரம் எங்கள் வகுப்புக்கு இன்ஸ்பெக்ஷன் வந்தது. பதில் தெரிந்தவன் வலது கையையும் தெரியாதவன் இடது கையையும் தூக்க வேண்டும் என்பது உத்தரவு. மொத்த வகுப்பும் கை தூக்கியது. வந்தவர் உருகிப் போனார். அவர் ஜீப் தெருமுனை திரும்புவதற்குள் நாங்கள் பழைய நாங்கள். எக்ஸ்-கதிர் என்கிற இன்ஸ்பெக்டர் உள்ளே வரும்போது உன் செம்பு மட்டும் நடிக்காது என்று என்ன நிச்சயம்? சும்மா கேட்டேன்.

வலது கையைத் தூக்கியபடி,
சுஹைப்

*

ஜெர்மனி
அக்டோபர் 3

அன்புள்ள சுஹைப்,

ஸலாம். நலம். உம்மாவின் முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா?

செப்டம்பர் வேலை முடிந்தது. நிறைய அளவுகள் கிடைத்திருக்கின்றன. இங்கே இலைகள் உதிரத் தொடங்கிவிட்டன. பரிசோதனை முடிந்து திரும்பி வந்தபோது உன் கடிதம் அறையில் கிடந்தது. படித்தேன்.

அங்கே மழைக்காலம் வருகிறது. ஃப்ளெக்ஸ் யார் தலையிலாவது விழுந்துவிடப் போகிறது. ஜாஹித்திடம் சொல்லிக் கழற்றிவிடு. வாப்பாவிடம் மழை என்று சொல். எப்படியும் கழற்றிவிடு.

படிப்பில் கவனமாக இரு.

லாத்தா

பின்குறிப்பு: கழற்றியதும் எழுது.

*

மன்னார்குடி
அக்டோபர் 20

லாத்தா,

ஸலாம் சொல்லி, நலம் விசாரித்து, எல்லாம் ஆயிற்று என்று வைத்துக்கொள். நீதான் நலமாக இல்லை.

ஃப்ளெக்ஸைக் கழற்று என்பது தபால் கார்டில் அடங்குகிற விஷயம், நீ இன்லண்டு லெட்டர் அளவுக்கு அதைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறாய். இரண்டு வருஷம் காத்திருந்த பரிசோதனைக்கு ஒரே வரி, இலைகளுக்கு ஒரு வரி. நேற்று வீடியோ காலில் வாப்பா “வேலை எப்படிம்மா போச்சு?” என்றபோது நீ சிரித்தாய். உம்மா பிடிவாதமாகக் கொடுக்கும் சுரைக்காய்க் கூட்டைப் பார்த்துச் சிரிப்பாயே, அந்தச் சிரிப்பு. வாப்பாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

மழை என்று சொல்லிப் பார்த்தேன். “மழைக்குத் தாங்குற மாதிரி இரும்பு ஃப்ரேம்ல புதுசா அடிக்கச் சொல்லியிருக்கேன்” என்றார்கள்.

என்ன நடந்தது? நான் விளையாட்டுப் பையன்தான். ஆனால் உன் விஷயத்தில் ஒருமுறையாவது உன்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறேனா? சரி, கொடுத்திருக்கிறேன். இந்தமுறை கொடுக்க மாட்டேன்.

சுஹைப்

*

ஜெர்மனி
நவம்பர் 8

அன்புள்ள தம்பி,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பு நலம். மற்றதைச் சொல்கிறேன், கிழித்துப் போட்டுவிடு.

மூன்று கருவிகளும் ஒன்றாக ஓடின. செம்பு உலோகமாக மாறிவிட்டது என்றது எக்ஸ்-கதிர். கதிர் படும் புள்ளிக்குச் சற்றுத் தள்ளிப் பார்த்த அகச்சிவப்பு ஒளி, செம்பின் மேல் உட்கார்ந்திருந்த மூலக்கூறுகளை வைத்து, இல்லை, மாறவே இல்லை என்றது. வெளியே மெத்தனால் இவர்கள் இருவரையும் கண்டுகொள்ளாமல் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. கருவி பழுது என்று நினைத்தோம். பிறகு அகச்சிவப்பு ஒளியை அந்தப் புள்ளிக்கே திருப்பிவிட்டு, கதிரை மறைக்கும் ஷட்டரை மூடினோம். அந்தப் புள்ளி மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பியது. திறந்தோம், மறுபடி உலோகமானது. எத்தனை தடவை செய்தாலும் அதேதான்.

செம்பு தன் வேலைக்காக மாறவில்லை. நாங்கள் பாய்ச்சிய கதிர்தான் அதை மாற்றியிருக்கிறது. நாங்கள் வேலைக்காரன் என்று எழுதியவனுக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்த அன்று உன் இன்ஸ்பெக்ஷன் கதையைப் படித்தேன். சிரிப்பு வரவில்லை. கடிதத்தை மடித்து அலமாரியின் உள்ளே வைத்துவிட்டேன்.

வாப்பாவிடம் சொல்லாதே. ஆண்டு விழாவில் பொதுவாக நாலு வார்த்தை பேசி முடித்துவிடுகிறேன். எக்ஸ்-கதிரிடம் ஏமாறுவது எல்லோருக்கும் நடப்பதுதான். எங்களுக்கும் நடந்துவிட்டது.

லாத்தா

*

மன்னார்குடி
நவம்பர் 29

அன்பு லாத்தாவுக்கு,

ஸலாம். இங்கே மூன்று நாளாக அடைமழை. கலெக்டர் நிஜமாகவே லீவு விட்டார், ஒருவரும் நம்பவில்லை, எல்லோரும் நனைந்துகொண்டு பள்ளிக்கூடம் வந்துவிட்டார்கள். வேறொரு நாளாக இருந்தால் இதற்காக ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். படித்துமுடித்ததும் எனக்கு முதலில் தோன்றியது உன்னைப் பற்றி இல்லை, என் வாசகத்தைப் பற்றி. ‘கையும் களவுமாகப் பிடித்த’ என்று எழுதினேனே. வெறும் கட்டுரையாக இருந்திருந்தால் நீ அங்கேயே திரும்பப் பெற்றிருப்பாய், இங்கே ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. ஊருக்கு நடுவே கட்டி நிறுத்தியவன் நான்.

ஆகவே மழையில் கத்தரிக்கோலோடு போய் இரும்பு ஃப்ரேமில் ஏறினேன். ஒரு பக்கக் கயிற்றை அறுத்துவிட்டேன். இன்னொரு பக்கம் போவதற்குள் கீழே குடையோடு வாப்பா. டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்க்கிறார்கள்.

“இறங்குடா.”

இறங்கினேன்.

“அக்கா பேரு ஊருக்குத் தெரியறதுல உனக்கு அவ்வளவு காய்ச்சலா?”

“இல்ல வாப்பா.”

“அப்புறம் என்னத்துக்கு அறுத்தே?”

எனக்கு எந்தக் கேள்விக்கும் ஒரு நக்கல் பதில் தயாராக இருக்கும் என்று உனக்குத் தெரியும். அன்றைக்குக் கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். நனைந்துகொண்டு நின்றேன். வாப்பா திரும்பி டீக்கடைக்காரரிடம், “பொறாமை, வேற ஒண்ணுமில்ல” என்றார்கள். அறுத்த கயிற்றை அவர்களே முடிந்தார்கள்.

பொறாமைக்காரனாக இருந்துவிட்டுப் போகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், எனக்குப் புரிந்துகொள்ள ஆசை. முதல்முறை பரிசோதனை செய்தபோது யாரும் ஷட்டரை மூடிப் பார்க்கவில்லையா?

சுஹைப்

*

மன்னார்குடி
ஜனவரி 3

லாத்தா,

ஸலாம். உம்மா நலம், மழை ஈரத்தில் முட்டி கொஞ்சம் மோசம். பதில் வருமென்று தபால்காரரை டிசம்பர் முழுவதும் முறைத்துப் பார்த்தேன். அவர் இப்போது நம் தெருவில் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

வீடியோ காலில் நீ எல்லோரோடும் பேசுகிறாய். என் முறை வந்தால் “மீட்டிங் இருக்கு” என்கிறாய்.

வாப்பா ஆண்டு விழாவுக்கு அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதிராம்பட்டினத்துக்கு நேரே போய் மீரா சாகிப் மாமாவிடம், முன்வரிசையில் தம் பக்கத்தில்தான் உட்காரவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். புது வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் தையல்காரர் கடையை எட்டிப் பார்க்கிறார்கள்.

நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைக்கிறேன். பதில் வேண்டாம், உன் சாப்பாட்டைப் பற்றியாவது எழுது.

சுஹைப்

*

ஜெர்மனி
ஜனவரி 19

சுஹைப்,

ஸலாம்.

யாரும் மூடவில்லை, ஆனால் மூடினால் என்ன ஆகும் என்று பார்த்தவள் உண்டு. நான்தான்.

முதல் பரிசோதனையில் ஒருமுறை கதிர் தற்செயலாக நின்றுபோனது. திரும்ப வந்ததும் எடுத்த முதல் அளவில் செம்பு உலோகமாக இல்லை. அடுத்தடுத்த அளவுகளில் மறுபடி உலோகமானது. அந்த ஒரு அளவு மட்டும் மற்றவற்றோடு பொருந்தவில்லை. கருவி நிலைக்கு வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதை ஒதுக்கினேன். கட்டுரை அனுப்பும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. யாரும் ஒதுக்கச் சொல்லவில்லை, யாரிடமும் காட்டவும் இல்லை. போன கடிதத்தில் ‘எங்களுக்கு நடந்துவிட்டது’ என்று எழுதினேனே, அது பொய்.

உன் கேள்வி வந்த பிறகு ஒரு மாதம் உன் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். போன வாரம்தான் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, இதையும் எழுதித்தான் திரும்பப் பெறவேண்டும் என்றார்.

விழாவில் சொல்லிவிடவேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் வாப்பா முன்வரிசையில் இருப்பார்கள். என்னை எனக்குத் தெரியும், சுற்றி வளைத்து ஏதோ சொல்லி முடித்துவிடுவேன். அப்படி நான் முடித்துவிட்டால்

எதுவுமில்லை. நன்றாகப் படி.

லாத்தா

*

மன்னார்குடி
பிப்ரவரி 13

அன்புள்ள லாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா நலம் என்று எழுதச் சொன்னார்கள், எழுதிவிட்டேன்.

சனிக்கிழமை உனக்குத் தெரிந்ததெல்லாம் செல்லதுரை சாரின் சட்டைப் பை மட்டும்தான் என்று எனக்குத் தெரியும், லேப்டாப்பை அப்படி வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியவேண்டும்.

நீ பேசினாய். மூன்று கருவிகளைப் பற்றி அழகாகச் சொன்னாய். அப்புறம், “எங்களுடைய முந்தைய முடிவைப் புதிய தரவுகளின் அடிப்படையில் மறுபரிசீலனை செய்யும் நிலை ஏற்பட்டுள்ளது” என்றாய். செய்தி வாசிப்பவர் மாதிரி. மண்டபமே கை தட்டியது. “பாத்தீங்களா, கண்டுபிடிச்சதையே மறுபடி புதுசாக் கண்டுபிடிக்கிறாங்க நம்ம மாணவி” என்றார் சார். வாப்பா புதுச் சட்டை மொடமொடக்க மீரா சாகிப் மாமா பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் எனக்கு உட்காரமுடியவில்லை. கையைத் தூக்கினேன்.

“சுஹைப், இன்னைக்கு ஒருநாள் வேண்டாம்” என்றார் சார்.

“கேள்விதான் சார்.”

“உன் கேள்வியெல்லாம் எனக்குத் தெரியும்.”

“இது தெரியாது சார்.”

பின்னால் இருந்த பையன்கள் ஏதோ கூத்து நடக்கப்போகிறது என்று விசிலடித்து மைக்கை என்னிடம் தள்ளிவிட்டார்கள். நான் கேட்டது உனக்குக் கேட்டது: “லாத்தா, அந்தப் பேப்பர் சரியா, தப்பா?” சிரித்தார்கள். தம்பி அக்காவைக் கலாய்க்கிறான் என்று நினைத்துச் சிரித்தார்கள். நீ “தப்பு” என்றாய். சிரிப்பு முன்வரிசையிலிருந்து பின்வரிசைவரை ஒவ்வொன்றாக அணைந்தது.

இன்னொரு கேள்வி என் நாக்கில் இருந்தது. அது உனக்குத் தெரியும். கேட்கத் துணிவில்லாமல் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் நீயே சொன்னாய்: “இன்னொண்ணும் இருக்கு. இது தப்பா இருக்கலாம்னு காட்டின ஒரு அளவு முதல்லயே என்கிட்ட இருந்துச்சு. நான்தான் அதை ஒதுக்கி வச்சேன். யாரும் சொல்லி இல்ல.”

ஒருவரும் கை தட்டவில்லை. ஏதோ ஒரு குழந்தை அழுதது. சார் நன்றி சொல்லி அவசரமாக இணைப்பைத் துண்டித்துவிட்டார். மாமா ஏதாவது குத்திப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாப்பா தோளில் கை வைத்துவிட்டு எழுந்து போனார். பேசியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா கேட்டார்கள். “உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“நவம்பர்லேர்ந்து.”

“நான் வீடு வீடாப் போய் அழைச்சப்ப நீ பாத்துக்கிட்டுதான் இருந்தே.”

அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. உன் பெயரையும் சொல்லவில்லை. ஃப்ளெக்ஸை நானும் ஜாஹித்தும் கழற்றிவிட்டோம். வாப்பா இப்போது வேறு தெரு வழியாகக் கடைக்குப் போகிறார்கள். ஊரில் பாதிப்பேர், தம்பிக்காரன் பொறாமையில் சபையில் வைத்து அக்காவைக் கவிழ்த்துவிட்டான் என்கிறார்கள். சரி என்று இருக்கிறேன்.

உன் கடிதத்தில் ‘அப்படி நான் முடித்துவிட்டால்’ என்று நிறுத்தியிருந்தாய். அதை நானாக முடித்துக்கொண்டேன். தப்பாக முடித்திருந்தால் இனி எனக்கு எழுதாதே.

சுஹைப்

*

ஜெர்மனி
மார்ச் 16

என் அன்புத் தம்பி சுஹைபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பும் பரீட்சையும் ஒன்றாக வந்துவிட்டன, ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்ததும் மறுபடி தூங்கிவிடாதே. நான் நலம். நீ சரியாகத்தான் முடித்தாய். அதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் கோபம் இல்லை. அன்றைக்கு உன் குரல் கேட்டதும் முதலில் வந்தது நிம்மதி. நான் செய்யவேண்டியதைப் பரீட்சைக்குப் படிக்கிற பையன் தலையில் வைத்தேனே என்ற நினைப்பு அதன்பின் வந்தது, இன்னும் போகவில்லை.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டுவிட்டது. நான் ஒதுக்கியதும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. மூன்று கருவிகளின் அளவுகளை வைத்து முதலிலிருந்து தொடங்குகிறேன். என் பெயரைப் பார்த்ததும் இங்கே சிலர் பேச்சை மாற்றுகிறார்கள். பழகவேண்டும்.

வியாழக்கிழமை வாப்பா கூப்பிட்டார்கள். கடையிலிருந்து, வீடியோ இல்லாமல். வாளிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. ஸலாமுக்குப் பிறகு நான் திட்டுக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

“அந்தச் செம்புக்குள்ள என்னதான் ஆகுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு.”

சொன்னேன். நடுநடுவே நிறுத்திக் கேட்டார்கள். “அப்ப நீங்க பாத்ததாலதான் அது மாறிடுச்சு.”

“ஆமா வாப்பா.”

“பாக்காம இருக்கவும் முடியாது.”

“முடியாது. அதனாலதான் இப்ப மூணு விதமாப் பாக்குறோம். ஒண்ணு பொய் சொன்னா இன்னொண்ணு காட்டிக்கொடுத்துடும்.”

இன்னொரு வாளியை அடுக்கினார்கள். பிறகு சொன்னார்கள்: “இத்தனை மாசமா அந்த போர்டு கீழ உக்காந்து போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் பேசினேன். அது என்னன்னு ஒருநாள் உன்கிட்ட கேக்கலையே. அதை நினைச்சாத்தான்மா வெக்கமா இருக்கு.”

சுஹைப், நான் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன், வாப்பா என்னிடம் வெட்கப்படுவதற்குத் தயாராக இல்லை.

அதற்குள் கடைக்கு யாரோ வந்துவிட்டார். “யாரு பாய் போன்ல, ஜெர்மனி மகளா?” என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது.

“ஆமா. அவ முதல்ல பாத்ததுல ஒரு தப்பு பண்ணிட்டா, அதை மறைக்கவும் செஞ்சா. இப்ப முதல்லேர்ந்து மறுபடி பாக்குறா.”

வந்தவர் ஒரு வாளியைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, “இந்த வாளிக்கு மூடி இருக்கா?” என்றார். வாப்பா போனைத் துண்டிக்காமல் மேஜையில் வைத்துவிட்டு மூடி தேடப் போனார்கள். நான் வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

என்றும் உன்,
தஹ்மீனா லாத்தா